பாலகாட்டுப் பீரங்கி வீரர்: ஒரு படைப்பிரிவைத் தேடிய வரலாறு

தங்கவயலை விட்டு வெளியேறி வந்த குடும்பங்கள் ஒன்றுகூடும் இடமாக நம் சங்கம் விளங்கி வருகின்றது. ஆண்டு விழாவன்று நாம் சந்திக்கும்போது பேசுவன பெரும்பாலும் பழைய கதைகளே. சங்கு ஊதிய நேரம், சயனைட் மேட்டின் வெண்ணிறம், பாறை வெடிப்பில் நடுங்கிய லைன் வீடுகள், மாரிக்குப்பம் இரயிலின் புகை என்று அவை நீளும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின் அக்கதைகளுக்கு இன்னும் ஒரு கனம் ஏறிவிட்டது. ஆயினும் சுரங்கத்திற்குள் இறங்கியவர்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு, சுரங்கத்தை விட்டுப் போர்க்களம் சென்றவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. அக்குறையை ஒரு சிறிதேனும் போக்கும் நோக்குடன் இக்கட்டுரையை வரைகின்றோம்.

சென்ற ஆண்டு விழா முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த வேளையில், பாலகாட்டைச் சேர்ந்த அன்பர் ஒருவர் துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்றுடன் நம்மிடம் வந்தார். அவருடைய தந்தையாரின் தமையனார் இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் சேர்ந்து மாண்டவர். எங்கே மாண்டார், எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. பர்மாவில் இறந்தார் என்பதே மூன்று தலைமுறையாக அவர்கள் வீட்டில் வழங்கி வந்த செய்தி. 1942ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்து தமிழர் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து கால்நடையாக வந்து சேர்ந்ததை நாம் அறிவோம். அவ்வாறு வருவோருடன் தம் மகனும் ஒருநாள் நடந்து வந்துவிடுவான் என்று அவ்வீரரின் அன்னையார் நெடுங்காலம் காத்திருந்தாராம். கீழ்த்திசையிலிருந்து ஆள் வந்தாரெனக் கேள்வியுற்றால் பங்காரப்பேட்டை வரைக்கும் போய்ப் பார்த்து வருவாராம். அந்த அம்மையார் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. ஆனால் வீரரின் இளைய தங்கை, தொண்ணூறு வயதைக் கடந்தவர், பாலகாட்டில் இன்றும் அதே லைனில் வாழ்கின்றார். அவர் கண்மூடுமுன் அண்ணன் இறந்த இடம் தெரிய வேண்டும் என்பதே அன்பரின் வேண்டுகோள். குடும்பத்தாரின் விருப்பப்படி வீரரின் பெயரை இங்கு நாம் குறிப்பிடவில்லை.

பெட்டியில் இருந்தவை மிகச் சில. ஆறுமுனை நட்சத்திர வடிவிலான பதக்கங்கள் இரண்டு. வட்டப் பதக்கம் ஒன்று. குடும்ப ஓய்வூதியம் பற்றிய பழுப்பேறிய தாள் ஒன்று. கடிதம் இல்லாத வெற்று உறை ஒன்று. இவற்றைக் கொண்டு ஒரு மனிதனின் இறுதி நாளைக் கண்டுபிடிக்க இயலுமா என்று முதலில் நாமும் ஐயுற்றோம்.

தேடலைச் சொல்லுமுன், பீரங்கிப் படையில் தமிழர் சேர்ந்த வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் சென்னை இராணுவத்தின் பீரங்கிப் படைக்குத் தலைமையிடமாக இருந்தது பரங்கிமலை. பரங்கி என்னும் சொல்லிலிருந்தே பீரங்கி என்னும் சொல்லும் பிறந்தது என்பர். அவ்வாறாயின் அம்மலைக்கு அப்பெயர் இருவகையிலும் பொருந்தும். அக்காலத்தில் பீரங்கி இயக்கிய இந்தியச் சிப்பாய்களைக் கோலந்தாஸ் என்று அழைத்தனர். குண்டு எறிபவன் என்பது அந்தப் பாரசீகச் சொல்லின் பொருள். 1857ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சியில், தாங்கள் பயிற்றுவித்த இந்தியப் பீரங்கி வீரர்களே தங்கள்மீது குண்டு பொழிந்ததைக் கண்ட ஆங்கிலேயர், அதன்பின் இந்தியர் கையில் பெரும் பீரங்கிகளை ஒப்படைக்க அஞ்சினர். மலைகளில் கோவேறு கழுதைகள் சுமந்து செல்லும் சிறு பீரங்கிப் பிரிவுகள் போன்ற சிலவற்றை மட்டும் விட்டுவைத்து, ஏனையவற்றைக் கலைத்துவிட்டனர். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு அந்நிலை நீடித்தது.

இதனோடு இன்னொரு தடையும் சேர்ந்தது. போர்க்குடிகள் என்று சில இனத்தாரை மட்டும் பொறுக்கியெடுத்து, தென்னாட்டவர் போருக்கு ஆகார் என்று ஒதுக்கிய கொள்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. ஆர்க்காட்டிலும் பிளாசியிலும் கம்பெனிக்காக நின்று பேரரசுக்கு அடிகோலிய சென்னைச் சிப்பாய்களின் வழித்தோன்றல்களுக்குப் படையின் கதவு மெல்ல மெல்ல மூடப்பட்டது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னை சாப்பர்ஸ் என்னும் பொறியியல் படை ஒன்றே இடையறாது நம்மவரைச் சேர்த்துக்கொண்டு வந்தது. பரம்பரையாகப் படையில் உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இது பெரும் இழப்பு. வடஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து தங்கவயலுக்கு வந்த குடும்பங்களுள் பாட்டன் சிப்பாயாக இருந்த குடும்பங்களும் உண்டு. படையில் இடமில்லாத பேரன் பாறைக்கடியில் இறங்கினான் என்று சொல்லினும் மிகையாகாது.

பின்னர்க் காலம் மாறியது. 1935ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பெங்களூரில் முதல் இந்தியக் களப் பீரங்கிப் பிரிவு தோற்றுவிக்கப்பட்டது. அதுவே இன்றைய பீரங்கிப் படைக்குத் தொடக்கம். 1939இல் போர் மூண்டதும் ஆள் தேவை பெருகியது. போர்க்குடிக் கொள்கை காற்றில் பறந்தது. சென்னை ரெஜிமெண்டை மீண்டும் உயிர்ப்பித்தனர். போர் முடிவதற்குள் இந்திய இராணுவத்தின் தொகை 25 இலட்சத்தை எட்டியது. அத்தனை பேரும் தாமே முன்வந்து சேர்ந்தவர் என்று ஏடுகள் எழுதும். வயிறு முன்தள்ளச் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று அவை எழுதுவதில்லை.

பாலகாட்டின் நிலையோ தனி. தொடக்கக் காலத்தில் பொன் தந்த ஐந்து சுரங்கங்களுள் பாலகாட்டும் ஒன்று. மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க் ஆகிய நான்கும் பின்னும் பல்லாண்டு ஓடின. பாலகாட்டின் புகழ் அவற்றுக்கு முன்பே மங்கிவிட்டது. சுரங்கம் ஓய்ந்தாலும் மக்கள் ஓயவில்லை. அடுத்த சுரங்கங்களுக்கு நடந்து போய் வேலை செய்தனர். தட்டி வைத்துக் கட்டிய வீடுகளில் பிறந்த இளைஞன் ஒருவனுக்கு அன்று இருந்த வழிகள் இரண்டே. ஒன்று, தந்தையைப் போலக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்குதல். மற்றொன்று, 1894இல் போடப்பட்ட அந்தக் கிளை இரயில் பாதையில் ஏறி, அன்று பௌரிங்பேட்டை எனப்பட்ட பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் சென்று படையில் சேர்தல். நம் வீரர் 1940இல் இரண்டாம் வழியைத் தேர்ந்தார். வழியனுப்பக் கோரமண்டல் நிலையம் வரை போனதாகத் தங்கையார் நினைவுகூர்கின்றார்; அப்போது அவருக்கு வயது எட்டு.

இனித் தேடலுக்கு வருவோம். முதலில் செய்யத்தக்கது போரில் இறந்தோர் பதிவேட்டைப் பார்ப்பது. பிரித்தானியக் கூட்டுப் படைகளில் இரு உலகப் போர்களிலும் இறந்த ஒவ்வொருவருக்கும் கல்லறையோ, கல்வெட்டில் பெயரோ இருக்கும்படி செய்வது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 1960 வரை அதற்கு இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்திய வீரர் 87,000 பேருக்கு மேல் அதன் ஏடுகளில் உள்ளனர். இப்பொழுது இணையத்தளத்தின் வாயிலாக எவரும் அவ்வேடுகளைப் பார்க்கலாம். எளிதென எண்ணிப் பாலகாட் என்று ஊர்ப்பெயரிட்டுத் தேடினோம். அங்கேதான் நாம் முதலில் இடறினோம். மத்தியப் பிரதேசத்தில் பாலகாட் என்று ஒரு மாவட்டமே உள்ளது. கணவாய்களுக்கு மேலுள்ள நாடு என்னும் பொருளுடைய அப்பெயர் இந்தியாவில் ஓரிடத்திற்கு மட்டும் உரியதன்று. கோலார் என்று தேடினும் பயனில்லை. சுரங்கத்தார் தம் ஊர் எது என்று கேட்டால் லைனைச் சொல்லமாட்டார். பாட்டன் விட்டுவந்த கிராமத்தையே சொல்வர். குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துச் சிற்றூர்ப் பெயர்களே படையில் சேரும்போது எழுதப்பட்டன. ஆகவே தங்கவயல் வீரர் பலர் ஏட்டில் வடஆர்க்காட்டு வீரராகவே இருக்கின்றனர். தம் முன்னோரைத் தேட விழையும் அன்பர்கள் இதை மனத்திற்கொள்ள வேண்டுகின்றோம்.

பெயராலும் தேடுதல் கடினமே. முனுசாமி என்னும் ஒரு பெயரை ஆங்கில எழுத்தர் எத்தனை விதமாக எழுதுவர் என்பதை நாம் அறிவோம். தமிழ் அறியாத எழுத்தன், தமிழன் வாயிலிருந்து கேட்டதை எழுதி, அதை இன்னொருவன் படியெடுத்து, மூன்றாமவன் அச்சுக்கோத்தால் பெயர் என்ன பாடுபடும்! தந்தை பெயர் முன்னெழுத்தாக வருவதும், சில இடங்களில் தந்தை பெயரே வீரர் பெயராக ஏறிவிடுவதும் உண்டு. பெயர் பிறழும், எண் பிறழ்வது அரிது. படையெண் ஒன்றே உறுதியான கயிறு.

அந்த எண்ணைப் பதக்கத்தின் பின்புறத்தில் கண்டோம். இங்கே ஒரு சிறப்பைக் கூறல் தகும். இரண்டாம் உலகப் போரின் பதக்கங்களை இங்கிலாந்து அரசு தன் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே வழங்கியது. இந்தியாவிலோ பெயரும் எண்ணும் பொறித்து வழங்கினர். ஆங்கிலேயன் வீட்டுப் பதக்கம் யாருடையது என்று சொல்ல இயலாமற் போகலாம். பாலகாட்டு லைன் வீட்டுப் பதக்கம் தன் தலைவனைத் தானே சொல்லும். புளி போட்டுத் தேய்த்துவிடாமல் எண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்தோம். எண்ணும், கன்னர் என்னும் பதவியும், பெயரும், இந்தியப் பீரங்கிப் படை என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும் தெளிவாகத் தெரிந்தன. ரெஜிமெண்டின் எண் மட்டும் இல்லை.

அதனினும் வியப்பூட்டியது இரண்டாவது நட்சத்திரம். முதலாவது 1939–45 நட்சத்திரம்; போர்முனையில் இருந்த பலருக்கும் பொதுவானது. இரண்டாவதன் நாடா மணல் நிறம். நடுவே அகன்ற சிவப்புக் கோடு. இரு மருங்கிலும் கருநீலமும் வெளிர்நீலமுமாக மெல்லிய கோடுகள். அது ஆப்பிரிக்கா நட்சத்திரம். பர்மா நட்சத்திரத்தின் நாடாவோ கருநீலத்தில் சிவப்பும் செம்மஞ்சளும் ஓடுவது. 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை வட ஆப்பிரிக்கா முதலிய களங்களில் இருந்தவர்க்கே ஆப்பிரிக்கா நட்சத்திரம் உரியது. ஆக, எண்பது ஆண்டுகளாக அக்குடும்பம் கிழக்கு நோக்கிக் காத்திருந்தது. அவர்கள் மகனோ மேற்கே போயிருந்தான். அதற்குச் சான்று அவர்கள் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. நாடாவின் நிறத்தைப் படித்துச் சொல்ல ஒருவரும் இல்லாமற்போனதே குறை.

அந்நாடாவின் மேல் 8 என்னும் எண் பொறித்த பட்டை இருக்கின்றதா என்றும் நோக்கினோம். 1942 அக்டோபர் 23க்குப் பின் எட்டாம் இராணுவத்தில் இருந்தவர்க்கு அது தரப்பட்டது. பட்டை இல்லை. எனவே எல் அலமைன் பெரும்போருக்கு முன்பே வீரரின் வாழ்வு முடிந்திருக்கக்கூடும் என்று கருதினோம். ஓய்வூதியத் தாள் அதை உறுதி செய்தது. 1942 மே 27 முதல் காணப்படவில்லை, இறந்ததாகக் கொள்ளப்பட்டது என்பது அதன் செய்தி. அத்தாளில் படையின் பெயருக்கு முன் ராயல் என்னும் அடைமொழி காணப்பட்டது. இந்தியப் பீரங்கிப் படைக்கு அப்பட்டம் கிடைத்தது 1945இல்தான்; ஆகவே தாள் அதன்பின் எழுதப்பட்டது என்பது விளங்கும். பட்டம் கண்டு, அது வேறு படையோ என மயங்கலாகாது. உறையின் மேல் களத் தபால் நிலையத்தின் எண் முத்திரை பாதி அழிந்திருந்தது. ஊர்ப்பெயர் பகைவர்க்குத் தெரியலாகாது என்று எண் மட்டும் இடுவது போர்க்கால வழக்கம். முழுமையாக இருந்திருந்தால் அவ்வெண்ணும் ஒரு வழிகாட்டி ஆகியிருக்கும்.

இப்பொழுது படையெண்ணைக் கொண்டு ஏட்டைப் பார்த்தோம். எகிப்தில் உள்ள அலமைன் நினைவகத்தின் பட்டியலில் வீரரின் பெயர், இரண்டெழுத்துப் பிழையுடன், கிடைத்தது. எல் அலமைன் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் அமைந்த அந்நினைவகம் 1954 அக்டோபர் 24ஆம் நாள் மாண்ட்கோமரி பிரபுவால் திறந்துவைக்கப்பட்டது. உடல் கிடைக்காத ஏறத்தாழ 12,000 பேரின் பெயர்கள் அங்கே உள்ளன. சமய முறைப்படி எரியூட்டப்பட்ட 600க்கும் மேற்பட்டவர்க்கு அதே தோட்டத்தில் தனி நினைவிடமும் உண்டு. நம் வீரர் அப்பட்டியலில் இல்லை. அவருடைய உடல் எவர் கைக்கும் எட்டவில்லை என்பதே இதன் பொருள்.

களம் தெரிந்தது, நாள் தெரிந்தது. இனிப் படைப்பிரிவு. இங்கே தேடுவோர் பலர் ஏமாறும் பொறி ஒன்று உள்ளது. வட ஆப்பிரிக்காவில் போரிட்டுப் புகழ்பெற்றது நான்காம் இந்திய டிவிஷன். இந்திய வீரர் என்றால் அதிலேயே இருந்திருப்பார் என்று எவரும் எண்ணுவர். ஆனால் அந்த டிவிஷனின் களப் பீரங்கிகளை இயக்கியவர் ஆங்கிலேயர். 1, 11, 31 என்னும் எண்களுடைய ரெஜிமெண்டுகள் அனைத்தும் ராயல் பீரங்கிப் படையைச் சேர்ந்தவை. முதலாம் களப் பீரங்கி ரெஜிமெண்ட் என்று ஓரிடத்தில் படித்தவுடன் அது பெங்களூரில் தோன்றிய இந்திய ரெஜிமெண்ட் என்று துள்ளுதல் கூடாது. அதே எண்ணுடைய ஆங்கில ரெஜிமெண்டும் இருந்தது. நாமும் ஒரு வாரம் துள்ளிவிட்டுப் பின்னரே அடங்கினோம்.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்டோம். 1942 மே 27 அன்று அப்பாலையில் இந்தியர் இயக்கிய பீரங்கிகள் எங்கே இருந்தன? இதற்கு வரலாறு தெளிவான விடை தருகின்றது. மூன்றாம் இந்திய மோட்டார் பிரிகேடில் இருந்தன. இரண்டாம் ராயல் லான்ஸர்ஸ், 11ஆம் குதிரைப்படை, 18ஆம் குதிரைப்படை என்னும் மூன்று ரெஜிமெண்டுகளும், அவற்றுக்குத் துணையாக இரண்டாம் இந்தியக் களப் பீரங்கி ரெஜிமெண்டும் சேர்ந்தது அப்பிரிகேட். குதிரைப்படை என்பது பெயரளவே. குதிரைகள் போய் லாரிகள் வந்துவிட்டன. டாங்குகள் அவர்களிடம் இல்லை. 1941 ஏப்ரலில் மெக்கிலி என்னுமிடத்தில் ரோம்மலின் படையிடம் சிக்கி அடிபட்டு, மீண்டும் ஆள்சேர்த்து எழுந்த பிரிகேட் அது.

1942 மே மாதத்தில், கடற்கரையிலுள்ள கஜாலாவிலிருந்து தெற்கே பாலைக்குள் பிர் ஹகீம் வரை கண்ணிவெடி வேலி இட்டுக்கொண்டு எட்டாம் இராணுவம் நின்றது. அவ்வேலியின் தென்கோடியான பிர் ஹகீமைக் காத்தவர் ஜெனரல் கேனிக் தலைமையில் சுதந்திரப் பிரெஞ்சுப் படையினர். அதற்கும் தென்கிழக்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டரில், வரைபடத்தில் 171 என்னும் எண்ணால் மட்டும் குறிக்கப்பட்ட ஒரு மேட்டில் நம் மோட்டார் பிரிகேட் நிறுத்தப்பட்டது. மரமில்லை, மறைவில்லை, வேலியின் பாதுகாப்பும் அங்கே இல்லை. வந்து சில நாள்களே ஆகியிருந்தன.

மே 26 மாலை ரோம்மல் தம் டாங்குப் படைகளைத் திரட்டி, நிலவொளியில் தெற்கே சுற்றி வளைத்து வந்தார். விடிந்து ஆறரை மணியளவில் இத்தாலிய அரியெத்தே டிவிஷனின் டாங்குகள் 171ஆம் மேட்டின்மீது பாய்ந்தன. எதிரே வந்தது ஜெர்மானிய டாங்கு டிவிஷன் என்றே பிரிகேடியர் பிலோஸ் மேலிடத்திற்குக் கம்பியில்லாத் தந்தியில் அறிவித்தாராம். யாராயிருந்தால் என்ன! டாங்கை எதிர்க்கத்தக்க கருவியாக அங்கே பெரிதும் இருந்தவை 25-பவுண்டர் பீரங்கிகளே.

அப்பீரங்கியைப் பற்றி ஒரு சொல். ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ள குண்டை 12 கிலோமீட்டர் தொலைவுக்கு எறிய வல்லது அது. ஒரு பீரங்கிக்கு ஆறு பேர். முறைப்படியான களப் பீரங்கி ரெஜிமெண்டில் மூன்று பேட்டரிகள். பேட்டரிக்கு எட்டாக 24 பீரங்கிகள். தொலைவில் பின்னே நின்று, கண்ணுக்குத் தெரியாத இலக்கின்மீது குண்டு பொழிதலே அதன் தொழில். அன்று காலையிலோ, கண்ணெதிரே உருண்டுவரும் டாங்கை நேரே குறிபார்த்துச் சுட வேண்டியதாயிற்று. அவ்வாறு சுடும்போது பீரங்கியின் சிறு கவசத்தைத் தவிர வேறு காப்பு இல்லை. டாங்குகள் பல எரிந்தன. ஆயினும் வெள்ளம் கரையை மீறியது. ஒரு மணிப்பொழுதுக்குள் மேடு பகைவர் கைக்குப் போயிற்று. 440 பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். ஏறத்தாழ 1,000 பேர் சிறைப்பட்டனர். பிரிகேடுடன் தாமாக வந்து சேர்ந்திருந்த எழுபது வயது கடந்த ஆங்கிலக் கடற்படைத் தளபதி சர் வால்டர் கோவன், கைத்துப்பாக்கியுடன் டாங்கை எதிர்த்து நின்று பிடிபட்டது இக்களத்திலேதான். கிழவரின் கதையை எல்லா நூல்களும் எழுதுகின்றன.

தமிழர்க்கு இக்களத்தில் வேறொரு சிறப்பும் உண்டு. இரண்டாம் களப் பீரங்கி ரெஜிமெண்டின் ஏழாம் பேட்டரிக்குத் தலைமை தாங்கியவர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த டாக்டர் சுப்பராயனின் மைந்தர். நாமக்கல் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தவர். பிர் ஹகீம் போரில் காட்டிய ஆண்மைக்காக டி.எஸ்.ஓ. என்னும் உயர்விருது பெற்றார். அங்கே சிறைப்பட்டு, இத்தாலியில் சிறையினின்று தப்பி, மீண்டும் பிடிபட்டு, ஜெர்மானியச் சிறைமுகாமில் போர் முடிவு வரை இருந்தார். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக விளங்கி, 2000ஆம் ஆண்டு மறைந்தார். ஜமீன் மாளிகையில் பிறந்த தமிழர் ஒருவரும் தட்டி வீட்டில் பிறந்த தமிழர் ஒருவரும் ஒரே காலைப்பொழுதில் ஒரே மணல்மேட்டில் நின்றனர் என்று எண்ணுங்கால் நெஞ்சம் விம்முகின்றது. ஒருவர் வரலாறு நூல்களில் உள்ளது. மற்றவர் வரலாறு இரண்டே வரிகளில், அதுவும் பிழையுடன். இதில் தளபதியின் குற்றம் ஒன்றுமில்லை. ஏடுகளை எழுதியோர் மேலிருந்து கீழே பார்க்கும் வழக்கத்தைச் சொல்கின்றோம்.

ஆனால் நம் வீரர் அந்த ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்தாமா? களத்தை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் முறையன்று. ஆதலால் அலமைன் நினைவகத்தின் பட்டியலில் அதே நாளில் இறந்த இந்தியப் பீரங்கி வீரர்களின் பதிவுகளைத் தனியே எடுத்து ஒப்பிட்டோம். சிலவற்றில் ரெஜிமெண்ட் குறிக்கப்பட்டிருந்தது. அது இரண்டாம் களப் பீரங்கி ரெஜிமெண்டே. உடன் வீழ்ந்தவரைக் கொண்டு ஒருவரை அறியும் இம்முறை எளிது, பயனுடையது. இறந்த நாள் ஒன்று தெரிந்த எவரும் இதைச் செய்து பார்க்கலாம். இதற்குமேல் பேட்டரி எது, பீரங்கி எது என்று அறிய வேண்டுமாயின் படைப்பிரிவின் போர் நாட்குறிப்பை நாட வேண்டும். மத்தியக் கிழக்குக் களத்தின் நாட்குறிப்புகள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தனி வரிசையாகக் காக்கப்படுகின்றன. தனி வீரரின் சேவைப் பதிவுக்கு நாசிக் ரோட்டிலுள்ள பீரங்கிப் படைப் பதிவகத்திற்கு, எண்ணும் பதவியும் குறித்து, நெருங்கிய உறவினர் எழுத வேண்டும். 1947இல் நாடு பிரிந்தபோது பீரங்கி ரெஜிமெண்டுகளும் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டன. தேடுவோர் அதையும் கருத்தில் கொள்ளுதல் நலம். அன்பரின் விண்ணப்பத்தை நாமே எழுதிக் கொடுத்தோம். தங்கையாரின் கைந்நாட்டுடன் அது சென்றிருக்கின்றது. கைந்நாட்டு இடும்போது அம்மையார் சிரித்தார். 1930இல் தங்கவயல் தொழிலாளர் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தது சுரங்கத்தார் கைரேகை கேட்டதற்காகவே. தம் தந்தையும் அதில் நின்றவராம். எதற்குத் தரமாட்டேன் என்று தந்தை நின்றாரோ, அதை மகனுக்காக மகள் தந்தார்.

செய்தியைத் தங்கையாரிடம் நேரிற் சொல்ல நாம் மூவர் பாலகாட் சென்றோம். பர்மா அன்று, ஆப்பிரிக்கா என்று கேட்டதும் அவர் வெகுநேரம் பேசவில்லை. அம்மா தவறான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாளே என்று மட்டும் ஒருமுறை சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். மணல் என்றால் எப்படிப்பட்ட மணல், சயனைட் மேட்டைப் போலவா என்றார். கல் கலந்த காய்ந்த நிலம் என்றோம். சிறைப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்றார். அவர்களுக்குக் கொடுக்கத் தண்ணீர் இல்லாமையால் பகைவர் 600க்கும் மேற்பட்ட இந்திய வீரரைப் பாலையில் விட்டுவிட்டதையும், அவர்கள் நாவறண்டு தள்ளாடி வந்து பிர் ஹகீமில் பிரெஞ்சுக்காரரிடம் சேர்ந்ததையும், முற்றுகையில் இருந்த அப்பிரெஞ்சுக்காரர் தமக்கே போதாத தண்ணீரைப் பகிர்ந்துகொடுத்ததையும் கூறினோம்.

"அந்த ஊர்ப் பேருக்கு என்னா அர்த்தம், சாமி?" என்று கேட்டார்.

பிர் என்றால் அரபு மொழியில் கிணறு என்றோம்.

"கெணத்துல தண்ணி இருந்துச்சா?"

பழங்காலத்துக் கிணறு, அப்பொழுதே வறண்டுவிட்டது என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் தலையசைத்தார். ஒரு தாளில் அந்த ஊரின் பெயரையும், ரெஜிமெண்டின் பெயரையும், நாளையும் தமிழில் பெரிதாக எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தோம். பேரனை அழைத்து இரண்டு முறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தாளை நான்காக மடித்துத் தகரப் பெட்டியில் பதக்கங்களின் கீழே வைத்தார்.